ராத்திரியில் 77 லிட்டர்: எங்கள் வீட்டுத் தண்ணீர்க் கசிவைத் தேடிப் பிடித்த பதிவு

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். "தம்பி, ராத்திரியில எங்கேயோ தண்ணி ஓடுதுப்பா, காதுல கேக்குது" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயது 78. காற்றாடிச் சத்தமாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். அப்படி விட்டது தப்பு. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில், இருந்தவர். லயத்துக்கு ஒரு பொதுக் குழாய். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் திறப்பார்கள். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் முன், குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அந்தச் சத்தத்துக்காகத் தூக்கத்திலும் விழித்துக்கொண்டிருந்த காது அது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தைவிட்டு வெளியே வந்த குடும்பங்கள் நிறைய வாங்கிய ஒரு பழைய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்). எண்பதுகளில் கட்டிய ஒருமாடி வரிசை வீடு, எங்களுடையது ஓரத்து வீடு. நான் செம்பனை ஆலையில் ஃபிட்டர். குழாய், வால்வு, பம்ப் எல்லாம் தினமும் கையில் புழங்குபவை. ஆனாலும் சொந்த வீட்டுக் குழாய்ப் பக்கம் வருடக் கணக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதம் தண்ணீர் பில் கூடுதலாக வந்தது. வீட்டில் எல்லோரும் "கட்டணத்தை ஏத்திட்டாங்கல்ல" என்றார்கள். 2024 பிப்ரவரியில் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 காசு ஏறியது உண்மை. அதற்குப் பிறகு பில் கொஞ்சம் கூடினால் யாரும் சந்தேகப்படுவதில்லை. நானும் அப்படித்தான் கட்டிவிட்டுப் போயிருப்பேன். பழைய பில்களைத் தேடி எடுத்து, வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, பார்க்காமல் கன மீட்டரை மட்டும் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் வழக்கமாக மாதம் 17, 18 ஓடும். இந்த மாதம் 26. கட்டணம் ஏறினால் வெள்ளி கூடும். கன மீட்டர் கூடாது. எட்டு கன மீட்டர் என்றால் 8,000 லிட்டர். விருந்தாளி யாரும் வரவில்லை, விசேஷம் எதுவும் நடக்கவில்லை.

மீட்டரோடு ஒரு ராத்திரி

கேட் ஓரத்தில் இருக்கும் மீட்டரைக் கழுவித் துடைத்தேன். எங்கள் மீட்டரில் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும், சிவப்பு எண்கள் அதற்குக் கீழுள்ள லிட்டரை. நடுவில் நட்சத்திரம் போல ஒரு சின்னச் சக்கரம். கொஞ்சம் தண்ணீர் நகர்ந்தாலும் அது அசையும். வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் மூடிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மெதுவாக, நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

எவ்வளவு போகிறது என்று அளக்க ராத்திரிதான் சரியான நேரம். வாஷிங் மெஷின் வேண்டாம், குளியல் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அம்மா ராத்திரியில் ஒரு தடவையாவது எழுந்திருப்பார். அதனால் கழிவறையில் முன்கூட்டியே ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வைத்து, ஃப்ளஷை இழுக்காமல் அதை ஊற்றச் சொன்னேன். 10.40க்கு எண்ணைப் படம் எடுத்தேன், விடிகாலை 5.40க்கு மறுபடியும். ஏழு மணி நேரத்தில் 77 லிட்டர்.

மணிக்கு 11 லிட்டர், நாளைக்கு 264, முப்பது நாளுக்கு 7,920. பில்லில் கூடியிருந்த எட்டு கன மீட்டரோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. ராத்திரியில் ஊரே தூங்கும்போது குழாயில் அழுத்தம் கூடும், கசிவும் பகலைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும். அதைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆக, கசிவு மீட்டருக்குப் பின்னால், எங்கள் பக்கத்தில். மீட்டர் வரைக்கும் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு, அதைத் தாண்டினால் வீட்டுக்காரர் பொறுப்பு. நாடு முழுக்கச் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பில் ஆகாமலே போகிறது, பழைய குழாய்களின் கசிவு அதில் பெரும்பங்கு. அது சாலைக்கு அடியில் நடப்பது. வீட்டுக்குள் கசிந்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் நாம் காசு கொடுக்கிறோம்.

இதற்கு முன்பே ஒரு குத்தகைக்காரரை (காண்ட்ராக்டரை) வரவழைத்திருந்தேன். வந்தவர் மீட்டர் பக்கம் போகவே இல்லை. கூடத்து சீலிங்கில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்தார், கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையைப் பார்த்தார். தொட்டியை மாற்றணும், தரையை உடைச்சுத் தேடணும், எல்லாம் சேர்த்து 1,800 வெள்ளி ஆகும் என்றார். எங்கே கசிகிறது என்று கேட்டதற்கு "உடைச்சாத்தான் தெரியும்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஆலையில் எந்த மெஷினையும் அப்படித் திறக்கமாட்டோம். எந்தப் பகுதியில் கோளாறு என்று முதலில் பிரித்துப் பார்ப்போம், அப்புறம்தான் ஸ்பேனரை எடுப்போம்.

தொட்டிப் பக்கமா, நேர்க் குழாய்ப் பக்கமா?

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் அடுப்படிக் குழாய்க்கு மட்டும் தண்ணீர் நேராக மீட்டரிலிருந்து வரும். மற்றதெல்லாம் கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டி வழியாக. தொட்டிக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். அதை மூடினால் வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். மூடிய பிறகும் மீட்டர் சுற்றினால் கசிவு நேர்க் குழாயில். நின்றுவிட்டால் தொட்டியிலோ அதற்குக் கீழே உள்ள குழாய்களிலோ.

மேலே ஏறும்போது கவனம் வேண்டும். மரச் சட்டத்தின் மேல்தான் கால் வைக்க வேண்டும், சீலிங் பலகை ஆளைத் தாங்காது. பழைய வீடுகளின் சீலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதை உடைப்பது, துளைப்பது, தேய்ப்பது எதுவும் கூடாது.

வால்வை மூடுவதற்கு முன் தொட்டியில் இன்னொரு அளவும் எடுத்துக்கொண்டேன். வட்டத் தொட்டி, உள்விட்டம் 80 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 5 லிட்டர். ஒரு மரக்குச்சியை அடி வரைக்கும் செங்குத்தாக விட்டு, நனைந்த மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அன்றைக்கும் 10.40 முதல் 5.40 வரை. காலையில் மீட்டரில் 49 லிட்டர். தொட்டியில் மட்டம் ஐந்தரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது, அதாவது 27, 28 லிட்டர். இரண்டையும் கூட்டினால் முந்தின ராத்திரியின் அதே 77. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இருட்டில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால், கணக்கு பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் புரியும். கசிவு ஒன்றில்லை, இரண்டு இடத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அடுத்த மாதம் பில் பாதிதான் குறையும், மனசு வெறுத்துப்போகும்.

மேலே ஏறியபோது சீலிங் கறையையும் பார்த்தேன். தொட்டிக்கும் அதற்கும் எட்டடி தூரம். தொட்டி அடியில் கை வைத்தால் காய்ந்த தூசுதான் வருகிறது. கீழே இறங்கி, கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் தேதி எழுதினேன். மழை இல்லாத ஐந்து நாள் அது கோட்டுக்குள்ளேயே இருந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் பெரிய மழை. மறுநாள் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் பரவியிருந்தது. குழாய்க் கசிவு மழைக்குக் காத்திருக்காது. விரிசல் விட்ட ஓர் ஓடுதான் காரணம், அதை மாற்றியாயிற்று. குத்தகைக்காரர் பேச்சைக் கேட்டு நல்ல தொட்டியைக் கழற்றியிருந்தால் பில்லும் குறைந்திருக்காது, கறையும் போயிருக்காது.

தொட்டி மூடி ஒரு பக்கம் விலகியிருந்ததைச் சரியாக மூடினேன். அதிகத் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டினேன். டிங்கிக் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடாத தொட்டியைவிட அதற்கு வசதியான இடம் கிடையாது.

28 லிட்டர் போன வழி

குளியலறைக் குழாய் சொட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா அதற்கடியில் ஒரு வாளி வைத்திருந்தார். காலையில் அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கும் மிளகாய்ச் செடிக்கும் போகும். வீணாகவில்லையே என்று நானும் மாதக் கணக்காக விட்டுவைத்தேன். அன்று காலை வாளியை அளந்தேன். ஏழு லிட்டர். செடிக்குத் தேவையானது இரண்டு லிட்டர்கூட இருக்காது, மீதி தரையில்தான்.

இது எளிய வேலை. தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மூடி, குழாயில் மிச்சம் இருப்பதை வடித்துவிட்டு, குழாய்த் தலையைக் கழற்றினால் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். எங்களுடையது ஒரு பக்கம் தேய்ந்து, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அரை இன்ச் வாஷர், கடையில் ஒரு வெள்ளிக்கு இரண்டு மூன்று கிடைக்கும். மாட்டும் முன் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பைச் சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வாஷர் போதும். சொரசொரப்பாக, ஒரு வெட்டு தட்டுப்பட்டால் புது வாஷரையும் அது சீக்கிரமே தின்றுவிடும், குழாயையே மாற்றிவிடுவது நல்லது. சொட்டு நிற்கவேண்டும் என்று பலமாகத் திருகித் திருகி மூடுவதால்தான் அந்த விளிம்பு கெடுகிறது. எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தது என் மகன், இப்போது சொல்லி வைத்திருக்கிறேன்.

மீதி 21 லிட்டர் எங்கே? கழிவறை ஃப்ளஷ் தொட்டி மேல் சந்தேகம் வந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கிண்ணத்தின் உள்சுவரில் கண்ணாடி போல மெல்லிய நீர்ப்படலம் இறங்கிக்கொண்டிருக்கும், வெளிச்சம் சாய்ந்து விழுந்தால்தான் தெரியும். அடுப்படியிலிருந்து கேசரிக்குப் போடும் கலர் பவுடரை எடுத்து, அரைத் தேக்கரண்டி ஃப்ளஷ் தொட்டிக்குள் போட்டுக் கலக்கினேன். யாரும் இழுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தேன். இருபதாவது நிமிடத்திலேயே கிண்ணத்துத் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. மஞ்சள்தூள் போடாதீர்கள், அது கரையாமல் அடியில் தங்கிவிடும்.

உள்ளே தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் தேய்த்தபோது, கறுப்பாக மை மாதிரி ஒட்டிக்கொண்டது. ரப்பர் அந்த நிலைக்கு வந்துவிட்டால் அதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அடைக்காது. பழைய மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், அதே அளவில் எட்டு வெள்ளிக்கு வாங்கினேன். படம் காட்டி வாங்கினால் பெரும்பாலும் அளவு தப்பும். மூடி உட்காரும் வளையத்தில் படிந்திருந்த வழுவழுப்பைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து எடுத்தேன். இதை விட்டால் புது மூடியும் சரியாகப் பொருந்தாது. சங்கிலியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப இறுக்கமாக இருந்தால் மூடி முழுதாக உட்காராது, ரொம்பத் தளர்ந்திருந்தால் மூடிக்கடியில் மாட்டிக்கொள்ளும். மிதவையையும் சற்றுத் தாழ்த்தி, தண்ணீர் உள்ளே நிமிர்ந்து நிற்கும் நடுக்குழாயின் வாய்க்கு ஓர் இன்ச் கீழேயே நிற்கும்படி வைத்தேன்.

மறுபடி கலர் பவுடர். ஒரு மணி நேரம் ஆகியும் கிண்ணத்தில் வெள்ளைத் தண்ணீர்தான்.

எதிர்வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எங்க வீட்டுலயும் பில்லு கூட வருது" என்றார். அங்கே வேறு கதை. வாசலில் வைத்திருந்த மணல் ஃபில்டரைக் கழுவியபின் வால்வுப் பிடி முழுதாகத் திரும்பாமல் நின்றிருந்தது. கழிவுக் குழாய் வழியாக விரல் தடிமனில் தண்ணீர் லோங்காங்கில் (வடிகாலில்) விழுந்துகொண்டே இருந்தது. ஃபில்டர் வைத்திருப்பவர்கள் முதலில் அந்தக் கழிவுக் குழாயின் நுனியைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்க வேண்டும்.

சிமெண்டுக்கு அடியில்

இனி மணிக்கு 7 லிட்டர் போகும் அந்தப் பெரிய கசிவு. மீட்டரிலிருந்து கிளம்பும் குழாய், கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைக்கு அடியில் சுமார் 14 அடி போய், பக்கச் சுவர் ஓரமாக மண்ணிலிருந்து எழும்பி, சுவரை ஒட்டியே அடுப்படி வரை போகிறது. எல்லாம் வீடு கட்டியபோது போட்ட ஜிஐ இரும்புக் குழாய். குழாய் மண்ணிலிருந்து எழும்பும் இடத்தில் ஒரு பித்தளை வால்வு. அதை மூடினால் தரைக்கு அடியில் உள்ள பகுதியைத் தனியாகச் சோதிக்கலாம்.

ஆனால் வால்வு அசையவில்லை. இருபது வருடமாக யாரும் தொடாத வால்வு. பெரிய ஸ்பேனர் போட்டுத் திருகியிருந்தால் தண்டு முறிந்திருக்கும், அப்புறம் வீட்டுக்கே தண்ணீர் இல்லை. ஊடுருவும் எண்ணெயை அடித்துவிட்டு ஒரு ராத்திரி விட்டேன். காலையில் மூடுவது, திறப்பது என்று இரண்டு பக்கமும் கால் கால் திருப்பாக ஆட்டினேன். அரைமணி நேரத்தில் முழுக்க மூடியது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் ஒருதரம் மூடித் திறக்கிறேன்.

பக்கச் சுவர் வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். நட்சத்திரம் அதே வேகத்தில் சுற்றியது, ஒரு மணி நேரத்தில் 7 லிட்டர். மீட்டருக்கு அடுத்து உள்ள வால்வை மூடினேன், அப்படியே நின்றது. கசிவு அந்த 14 அடிக்குள் அடைபட்டுவிட்டது.

இங்கே ஒரு பிழை செய்தேன், அதையும் எழுதுகிறேன். வெயில் நாளிலும் லோங்காங் சுவரின் ஓர் இடத்தில் பாசி பச்சையாக இருந்தது. விரிசல் வழியாகத் தெளிந்த தண்ணீர் கசிந்தது. எங்கள் லோங்காங்கில் சோப்புத் தண்ணீர் ஓடும், தெளிந்த தண்ணீருக்கு அங்கே வேலையே இல்லை. கசிவு அங்கேதான் என்று முடிவுகட்டி, ஓரத்தில் இரண்டடி ஆழம் தோண்டினேன். ஈர மணல் வந்தது, தண்ணீர் ஊறியது. குழாய் மட்டும் அந்த இடத்தில் முழுசாக இருந்தது. குழாயைப் போடும்போது அதைச் சுற்றி மணல் போட்டு மூடியிருப்பார்கள். கசியும் தண்ணீர் கெட்டி மண்ணுக்குள் போவதில்லை, அந்த மணலைப் பிடித்துக்கொண்டு சரிவான பக்கம் ஓடி, வழி கிடைத்த இடத்தில் வெளியே வரும். ஈரம் தெரியும் இடம் ஓட்டை உள்ள இடத்துக்கு வெகு தூரத்தில் இருக்கலாம்.

அதன்பிறகுதான் ஆலைப் பழக்கம் கைகொடுத்தது. பேரிங் கெட்டிருக்கிறதா என்று பார்க்க, நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை மெஷின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காது ஓரத்து எலும்பில் அழுத்திக் கேட்போம். அதையே செய்தேன். விடிகாலை மூன்று மணி, தெருவில் ஒரு வண்டி இல்லை. மீட்டர் பக்கத்துக் குழாயில் வைத்தால் மெல்லிய "உஸ்ஸ்" என்ற சத்தம், பக்கச் சுவர்க் குழாயிலும் அதே அளவு. சிமெண்டுத் தரையில் ஓரடிக்கு ஓரடி ஊன்றிக் கேட்டுக்கொண்டே போனேன். ஏழாவது அடியில், காரின் எஞ்சின் நிற்கும் இடத்துக்குக் கீழே, எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போல நெருக்கமான சத்தம். ஒன்பதாவது அடியில் மறுபடி மங்கியது. அம்மாவின் அறை ஜன்னல் அந்த இடத்துக்கு நேராகத்தான் இருக்கிறது.

இடம் தெரிந்துவிட்டது, உடைக்கலாமா? உடைக்கவில்லை. ஜிஐ குழாயைக் காப்பது அதன்மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு. வருடங்கள் போகப் போக அது கரைந்துவிடும், அதன்பின் இரும்பு துரு ஏறத் தொடங்கும். இணைப்புக்காக மறை (திருகுப் புரி) வெட்டிய இடத்தில் குழாயின் சுவர் பாதிக்கு மெலிந்திருக்கும், பூச்சும் அங்கே வெட்டுப்பட்டிருக்கும். அதனால் இணைப்புகள்தான் முதலில் போகும். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்த குழாய்க்கு ரப்பர் வைத்து கிளாம்ப் போட்டு அடைத்தால், அழுத்தம் அடுத்த மெலிந்த இடத்தைத் தேடும். அவசரத்துக்கு ஒரு வாரம் தாங்கட்டும் என்றால் கிளாம்ப் போடலாம். நாற்பது வருடக் குழாய்க்கு அதையே வைத்தியமாக நம்பக்கூடாது. எந்தப் பதினான்கு அடியில் கசிகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் போதும், அந்த நீளத்தையே கைவிட்டுவிட்டுப் புதிய வழியில் குழாய் போட்டுவிடலாம். சிமெண்டுத் தரையில் ஒரு கீறல்கூட விழாது.

புதுக் குழாய்

மீட்டரிலிருந்து வேலி ஓரமாக, பூச்செடி மண்ணுக்குள் சுற்றிப் பக்கச் சுவருக்குப் போகும் வழியை அளந்தேன். 25 மில்லிமீட்டர் பாலி பைப், கறுப்பில் நீலக் கோடு போட்டது, குடிநீருக்கானது. குழாயிலும் இணைப்புகளிலும் சிரிம் (தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அங்கீகாரமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். சுவர் ஓரம் போகும் பழைய ஜிஐயையும் விட்டுவைக்க மனசில்லை, அடுப்படிச் சுவர் வரைக்கும் சேர்த்தே வாங்கிவிட்டேன். மீட்டரில் நாமாகக் கை வைக்கக்கூடாது. அந்தப் பக்கத்து இணைப்புக்கும் பழைய குழாயைத் துண்டித்து மூடுவதற்கும் லைசென்ஸ் உள்ள பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்தவர் பொறுமையான மனிதர். நான் எழுதி வைத்திருந்த மீட்டர் எண்களைப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதி வச்சா எங்களுக்கும் சுலபம் அண்ணே" என்றார்.

பள்ளத்தை ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தோண்டினேன், அடுத்த முறை செடி நட மண்வெட்டி போடும்போது குழாயில் படக்கூடாது. அடியில் கல் பொறுக்கி, மணல் பரப்பினேன். பாலி பைப்பை நேராக வெட்டுவது முக்கியம். சாய்வாக வெட்டினால் ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் பதியும். வெட்டிய விளிம்பைக் கத்தியால் சற்றுச் சீவி, நட்டு, பல் வைத்த பிளந்த வளையம் என்று வரிசையாக மாட்டினேன். இணைப்புக்குள் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதைக் குழாய்மேல் கோடு போட்டுக்கொண்டேன். தள்ளும்போது முதலில் ஒரு தடை வரும். அங்கேயே நின்றுவிட்டது என்று பலர் நட்டை இறுக்கிவிடுகிறார்கள். அது ரப்பர் வளையம். நுனியைத் தண்ணீரில் நனைத்து, திருகிக்கொண்டே இன்னும் அழுத்தினால் 'பொளக்' என்று தாண்டும், கோடும் விளிம்புக்கு வந்துவிடும். அந்தக் கோடு இல்லாவிட்டால் உள்ளே போனதா இல்லையா என்று தெரியாது. எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம்.

மறை உள்ள இடத்தில் வெள்ளை டேப்பைச் சுற்றும்போது, மறையின் வாய் நம்மைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு கடிகார முள் திசையில் சுற்றவேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பத்துச் சுற்று சுற்றினேன். பிளாஸ்டிக் மறையைக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் அரைத் திருப்போடு நிறுத்திவிட்டேன். இரும்பை முறுக்கும் பழக்கத்தில் இன்னும் ஒரு திருப்பு கொடுத்தால் விரிசல் விடும், அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்துத் தெரியும்.

தண்ணீரைத் திறந்ததும் மண்ணை மூடவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்து, கீழே செய்தித்தாள் துண்டு வைத்து ஒரு ராத்திரி விட்டேன். மழை வந்துவிடுமோ என்று பள்ளத்தின் மேல் தார்ப்பாயும் போட்டேன். காலையில் செய்தித்தாள் நான்கும் காய்ந்திருந்தன. மீட்டரில் 10.40க்கு இருந்த எண்ணே 5.40க்கும்.

ரப்பர் மூடி, வாஷர், குழாய், இணைப்புகள், பிளம்பர் கூலி எல்லாம் சேர்த்து 290 வெள்ளிக்குள் முடிந்தது. அடுத்த பில் 17 கன மீட்டர்.

பக்கச் சுவரிலிருந்து கழற்றிய பழைய குழாயில் ஒரு துண்டை அறுத்து வைத்திருக்கிறேன். வெளியே பார்த்தால் சாம்பல் நிறம், பெரிதாகக் குறை தெரியாது. உள்ளே துரு கரடு கரடாக வளர்ந்து, நடுவில் ஒரு பென்சில் போகும் அளவுக்குத்தான் வழி விட்டிருக்கிறது. இத்தனை வருடம் அடுப்படியில் தண்ணீர் மெதுவாக வந்தது ஊர் அழுத்தம் குறைவானதால் என்றுதான் நினைத்திருந்தோம். வேலை தொடங்கும் முன் அங்கே 10 லிட்டர் வாளி நிறைய 70 விநாடி ஆகியிருந்தது. இப்போது 38. முதல் நாள் அம்மா வழக்கம்போல முழுசாகத் திறந்துவிட்டு, சேலையெல்லாம் நனைந்து பின்னால் நகர்ந்தார். "என்ன தம்பி இது, கொஞ்சமாத் திறந்தாலே இப்படிப் பாயுது" என்று சொல்லிக்கொண்டே குழாயைப் பாதியாக மூடினார்.